ஸ்டிக்கர் ஒட்டினால் தரமா?

“ஸ்டிக்கர் ஆப்பிள்தான் தரம். காஷ்மீர் ஆப்பிள் அதோடு போட்டி போட முடியாது.” பழம் வாங்கும் இடமெல்லாம் இதே பேச்சுதான். புனே–அகில்யாநகர் சாலையில், மகாகணபதி கோயில் இருக்கும் ரஞ்சன்காவ் மட்டும் விலக்கா என்ன? ஸ்டிக்கர் ஒட்டிய வெளிநாட்டுப் பழம் நுரைவலை போட்டு முன்வரிசையில் இருக்கும். காஷ்மீர்ப் பழம் வைக்கோல் ஒட்டியபடி பெட்டியோடு கீழே கிடக்கும். பார்த்தவுடனே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

வெளிநாட்டுப் பழம் புதுசு என்பது முதல் வாதம். வாஷிங்டன் ஆப்பிளை ஆகஸ்டிலிருந்து இலையுதிர்காலத்துக்குள் பறித்து முடித்துவிடுகிறார்கள். ஏப்ரலில் நாம் கடிக்கும் பழம், ஆக்சிஜனைக் குறைத்த குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் இருந்தது. அதே வகைக் கிடங்கு காஷ்மீரின் புல்வாமா மாவட்டம் லஸ்ஸிபோராவிலும், சிம்லா பக்கத்திலும் உண்டு. அங்கே வைத்த பழமும் கோடையில் மொறுமொறுவென்றுதான் இருக்கிறது. ஆனால் காஷ்மீர் விளைச்சலில் சிறு பங்குக்குத்தான் அங்கே இடம். மீதியை அறுவடைக் காலத்திலேயே தள்ளியாக வேண்டும், அதுவும் பெரும்பாலும் ஒரே நெடுஞ்சாலை வழியாக. 2025 ஆகஸ்ட், செப்டம்பரில் மழையும் நிலச்சரிவும் அந்தச் சாலையை முடக்க, லாரியிலேயே பழம் அழுகியது. அதன்பிறகுதான் பட்காமிலிருந்து டெல்லிக்குப் பார்சல் ரயில் விட்டார்கள். ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் வீட்டுக்கு வீடு வைக்க ஃப்ரிட்ஜ் செய்து குவிக்கிறோம். தோட்டத்து ஆப்பிளுக்குத்தான் குளிர் இல்லை.

“50 சதவீத இறக்குமதி வரி போதாதா?” என்பது அடுத்தது. 2023 மே முதல், துறைமுகம் வந்து சேரும் விலை கிலோ 50 ரூபாய்க்குக் கீழ் இருந்தால், பூட்டானைத் தவிர வேறெங்கிருந்தும் இறக்க முடியாது. வரியும் சேர்ந்தால் துறைமுகத்திலேயே 75 ரூபாய். சுவர் உயரம்தான், ஆனால் ஓட்டை இருக்கிறது. தெற்காசிய வர்த்தக ஒப்பந்தப்படி வரியின்றி வரும் ஆப்கன் பழத்தின் பெயரில் ஈரான் பழமும் நுழைகிறது என்று காஷ்மீர் விவசாயிகள் வெகுநாளாகப் புகார் சொல்கிறார்கள். அந்த ஓட்டையை அடைத்தாலும், அக்டோபரில் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டவருக்கு மார்ச் மாத விலையால் என்ன லாபம்?

புறக்கணித்தால் தீர்ந்தது என்பவர்களும் உண்டு. 2025 மே மாதம் புனே மார்க்கெட் வியாபாரிகள் துருக்கி ஆப்பிளை நிறுத்தினார்கள். அந்த மாதத்தில் காஷ்மீர் மரத்தில் பழுத்த பழமே கிடையாது. உள்நாட்டில் யாருக்காவது லாபம் என்றால், கிடங்கில் சரக்கு வைத்திருந்தவருக்குத்தான்.

ஒன்றை மட்டும் மறுக்க மாட்டேன்: விளைச்சல். நம் சராசரி ஹெக்டேருக்குப் பத்து டன்னைத் தொடுவதில்லை. நியூசிலாந்தில் ஐம்பதைத் தாண்டுகிறது. பழைய மரங்களை எடுத்துவிட்டுக் குட்டை வேர்ச்செடியில் ஒட்டிய கன்றுகளை நெருக்கி நட வேண்டும். காய்க்கும் மரத்தை வெட்டிவிட்டுச் சில வருஷம் காத்திருக்க, சிறு விவசாயிக்குக் கையில் பணம் வேண்டுமே.

ஆகவே மத்திய அரசு, ஆப்பிள் இறக்குமதி வரியாக வசூலிப்பதில் ஒரு பங்கைக் காஷ்மீரின் சோபூரிலும் ஷோபியானிலும் கிடங்கு கட்ட ஒதுக்கட்டும். வரியை இன்னும் ஏற்றுவதைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.