உடுவில் கணக்கும் நம் வீட்டுக் கணக்கும்

உயர்தரப் பெறுபேறு வந்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. அதற்குள் தனியார் கல்லூரிகளின் துண்டுப்பிரசுரங்கள் லயத்து வாசல்வரை வந்துவிட்டன. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான்: "தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அரைக் கட்டணச் சலுகை."

சென்ற வருடம் நமது டிவிஷன் பிள்ளை ஒருத்தி இந்தச் சலுகையை நம்பி நகரத்துக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போனது. அரைக் கட்டணம் கட்டியாயிற்று. பிறகுதான் அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு, பரீட்சைக் கட்டணம் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. நான்காம் மாதம் பிள்ளை வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். கட்டிய காசு திரும்பவில்லை. அந்தக் கல்லூரியின் கணக்கில் அவள் இன்றும் "சேர்ந்த மாணவி", "உதவி பெற்ற மாணவி". படிப்பை முடித்தாளா என்ற கணக்கை யாரும் வைக்கவில்லை. நாள் முழுக்க மலையில் நின்றும் அரைப்பேர் விழுந்தால் அடுப்பு எப்படி எரியும் என்று நமக்குத் தெரியும். படிப்பிலும் அப்படித்தான்.

அப்படியானால் முழு உதவி என்பது எப்படி இருக்கும்? இந்த நாட்டிலேயே, தமிழ்ப் பிள்ளைகளுக்கே அது ஒரு காலம் கிடைத்தது. யாழ்ப்பாணத்து உடுவிலில், 1824ஆம் ஆண்டில்.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹெரியற் வின்ஸ்லோ அம்மையார் அங்கே பெண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பாடசாலையைத் தொடங்கினார். இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி அதுதான். பெண் எழுத்துப் படிப்பதை வெட்கமாக நினைத்த காலம். இலவசம் என்று அறிவித்தால் மட்டும் பெற்றோர் அனுப்புவார்களா? ஆகவே தங்குமிடம், சோறு, உடுதுணி, புத்தகம் எல்லாம் மிஷன் செலவு. படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணம் முடிக்கும் பெண்ணுக்குச் சீதனமும் கொடுத்தார்கள். பிள்ளையைப் படிக்க விட்டால் அவளை யார் கட்டுவார்கள் என்பதுதான் அந்தப் பெற்றோரின் உண்மையான பயம். அந்தப் பயத்துக்கே நேராகக் காசு ஒதுக்கினார்கள். வீடு எந்த இடத்தில் தடுக்கிறது என்று பார்த்து அந்த இடத்தில் கொடுத்த உதவி அது.

1840இல் வந்த எலிசா அக்னியு அம்மையார் 1879வரை அந்தப் பாடசாலையை நடத்தினார். ஒரு தடவைகூட ஊர் திரும்பாமல் 1883இல் இங்கேயே மறைந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவிகள் அவர் கையால் படித்தார்கள். முதலில் படித்தவர்களின் மகள்மாரும் பேத்திமாரும் அதே வகுப்புக்கு வந்தார்கள். சீதனம் கொடுத்து அழைக்க வேண்டியிருந்த இடத்தில், பிற்காலத்தில் பெற்றோரே கட்டணம் கட்டி மகளைச் சேர்த்தார்கள்.

இதையெல்லாம் புகழ்ந்து பாட நாம் எழுதவில்லை. அந்த உதவிக்கு விலை இருந்தது. மதம் ஒரு விலை. பேர் இன்னொரு விலை: அமெரிக்காவில் காசு கொடுத்தவரின் பேரையே இங்கே பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் மிஷன் விடுதிகளில் இருந்தது. பக்கத்து வட்டுக்கோட்டைச் செமினறியில் படித்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளாளர். மற்றச் சாதிப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவு அகலமாகத் திறக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள்தான். ஆனால் அவர்கள் 1857இல் பட்டம் பெறும்போது செமினறி இல்லை. அமெரிக்காவில் இருந்த சபையின் கொள்கை மாறியதால் 1855இல் மூடிவிட்டார்கள். கொடுப்பவர் கையை மடக்கினால் கேள்வி கேட்க ஆளில்லை.

அதே இருநூறு வருடத்தில் நம் பக்கம் என்ன நடந்தது? 1823ஐ நமது முன்னோர் வந்த ஆண்டாக வைத்து, 2023இல் தலைமன்னாரில் இருந்து மாத்தளைவரை நம் மக்கள் நடந்தார்கள். உடுவிலில் பிள்ளைக்குப் புத்தகம் கொடுத்த காலத்தில் நம் பிள்ளைக்குக் கிடைத்தது கோப்பிக் காடு. தோட்டத்துரை பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்த வேண்டும் என்று 1920இல் சட்டம் வந்தும், பல தோட்டங்களில் அது ஓர் அறையும் ஒரு வாத்தியாருமாகவே நின்றது. 1945இல் இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலை ஒதுங்கியே கிடந்தது. 1960இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பெடுத்தபோது உடுவில் தனியாகவே நிற்கத் தீர்மானித்தது. அதற்குப் பழைய மாணவிகள் இருந்தார்கள், தீர்மானிக்கும் வாய்ப்பும் இருந்தது. நம்மை யாரும் கேட்கவே இல்லை. தோட்டங்கள் தேசியமயமான பிறகு, 1970களின் பிற்பகுதியில்தான் நமது பாடசாலைகள் அரசின் கைக்குப் போகத் தொடங்கின.

ஆக, நமக்கு ஆயிரம் பழைய மாணவிகள் பின்னால் நிற்கவில்லை. சங்கம்தான் நிற்க வேண்டும். சங்கம் நிற்கிறதா?

உள்ளதைச் சொன்னால், ஜனவரியில் கொப்பியும் பையும் கொடுக்கிறோம், மேடையில் படம் பிடிக்கிறோம். கொப்பி அட்டையில் தலைவரின் படமும் இருக்கிறது. (மிஷனைச் சொல்லும் வாய் இதையும் சொல்லத்தான் வேண்டும்.) பதினொராம் வகுப்புப் பிள்ளை பஸ் காசில்லாமல் நிற்கும் ஜூலை மாதத்தில் நாம் எங்கே இருக்கிறோம்? சந்தாவில் இருந்து கல்விக்கு ஒதுக்கும் பணத்தின் பெரும் பகுதி, பஸ் சீசனுக்கும் உயர்தரப் பிள்ளைகளின் தங்குமிடத்துக்கும் மாதாமாதம் போக வேண்டும் என்பது நமது கோரிக்கை. பேரும் படமும் வேண்டாம்.

தனியார் கல்லூரியில் சேர நினைக்கும் பெற்றோரே, கையெழுத்துப் போடுமுன் எழுத்தில் கேளுங்கள்: கடைசிப் பரீட்சைவரை மொத்தச் செலவு எவ்வளவு? சலுகை எல்லா வருடத்துக்கும் உண்டா, முதல் வருடத்துக்கு மட்டுமா? இடையில் நின்றால் கட்டிய காசு திரும்புமா? போன முறை சலுகையில் சேர்ந்த தோட்டத்துப் பிள்ளைகள் எத்தனை பேர், அதில் முடித்தவர்கள் எத்தனை பேர்? கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதித் தராவிட்டால் சங்கலியை அடகு வைக்க வேண்டாம். கடிதத்தைச் சங்க அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், நாம் பேசுகிறோம்.

அதே கேள்வி நமக்கும் உண்டு. வரும் கூட்டத்தில் ஒவ்வொரு டிவிஷனும் ஒரு பதிவேடு திறக்க வேண்டும்: ஆறாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, சாதாரண தரம் எழுதிய பிள்ளை, உயர்தரம் போன பிள்ளை, நின்றுபோன பிள்ளை, நின்ற காரணம். அந்தப் பதிவேடு மாதர் தலைவியின் கையில் இருக்கட்டும். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை பையைக் கழற்றி வைத்துவிட்டது என்பது கொழுந்து மலையில் அவர் காதுக்குத்தான் முதலில் வருகிறது.