இரத்தக் கொதிப்புக்கும் ஒரு கணக்கு வேண்டும்



தராசுக்கு முத்திரை வைக்கும் நாளை நாம் மறப்பதில்லை. உரிமம் புதுப்பிக்கும் தேதியும், வரிக் கணக்கு தாக்கல் செய்யும் தேதியும் நமக்கு மனப்பாடம். ஆனால், "உங்கள் இரத்தக் கொதிப்பு எவ்வளவு?" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்? இதை இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு.

நம் உறுப்பினர் ஒருவர். மளிகை மொத்த வியாபாரி. வயது ஐம்பதைத் தாண்டவில்லை. ஒரு நாள் காலை சிட்டை எழுதிக் கொண்டிருந்தபோது கையிலிருந்து பேனா நழுவியது. வலது கை மரத்தது, பேச்சு குழறியது. வாயுப் பிடிப்பாக இருக்கும் என்று சோடா வாங்கிக் கொடுத்தோம். லாரி வந்து நின்றதால், சரக்கை இறக்கிவிட்டுப் போகலாம் என்றார். நாமும் சரி என்றோம். மதியம் எண்ணெய் தடவ வெளியூருக்கு அழைத்துச் சென்றார்கள். மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது மறுநாள் விடிந்துவிட்டது. உயிர் பிழைத்தார். கையும் பேச்சும் முழுதாகத் திரும்பவில்லை. கல்லூரியில் படித்துக் கொண்டிருந்த மகன் இன்று கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். அன்று அருகில் நின்ற நமக்கும் இதில் பங்கு உண்டு.

அவருக்கு வந்தது பக்கவாதம். கை கால் விழுந்தாலும் நோய் இருக்குமிடம் மூளைதான். இதில் இரண்டு வகை. மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்துக் கொள்வது ஒன்று, பெரும்பாலானவை இவ்வகையே. குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிவது மற்றொன்று. இது எண்ணிக்கையில் குறைவு, ஆபத்தில் அதிகம். இவை தவிர, சில நிமிடங்கள் கை மரத்து, வாய் கோணி, தானாகவே சரியாகிவிடுவதும் உண்டு. "சரியாகிவிட்டதே" என்று அதை விட்டுவிடக் கூடாது. பெரிய வாதத்துக்கு அது முன்னறிவிப்பு. அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இது விதியால் வருவதன்று. இந்தியா உட்பட 22 நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2010இல் வெளியானது. பக்கவாத ஆபத்தில் சுமார் 90 சதவீதம் பத்துக் காரணங்களுக்குள் அடங்கிவிடுகிறது என்று அது கூறியது. அவற்றில் முதலிடம் இரத்தக் கொதிப்புக்கு. புகை, சர்க்கரை, தொந்தி, உடலுழைப்பின்மை, மது, மனக்கவலை, கொழுப்பு, இதயக் கோளாறு, தவறான உணவு ஆகியவை மற்றவை.

இந்தப் பட்டியலை நம் கடைக்குள் வைத்துப் பார்ப்போம். காலை ஆறு மணிக்குக் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு பத்து மணிக்குத்தான் எழுகிறோம். மதியச் சாப்பாடு மூன்று மணிக்கு. இடையில் டீயும் மிக்சரும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் விற்கும் நமக்கு அந்த அளவு எங்கே நிற்கிறது? வராத கடன் பாக்கியை நினைத்துத் தூக்கம் கெடுகிறது. மாத்திரை தின்று கொதிப்பு குறைந்ததும், குணமாகிவிட்டது என்று நாமே மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். கொதிப்பு 140/90க்கு மேல் நின்றாலும் வலிக்காது. வலிக்காததால்தான் ஏமாறுகிறோம்.

வாதம் வந்துவிட்டால் நேரமே மருந்து. வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, தூக்கிய கைகளில் ஒன்று தாழ்கிறதா, பேச்சு குழறுகிறதா என்று பாருங்கள். ஒன்று தெரிந்தாலும் உடனே 108ஐ அழைக்க வேண்டும். எப்போது தொடங்கியது என்பதைக் குறித்துக் கொள்ளுங்கள். அடைப்பு என்றால், பொருத்தமானவர்களுக்கு நாலரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும். அடைப்பா கசிவா என்பதை ஸ்கேன் எடுத்தால்தான் அறியலாம். ஆகவே ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே போக வேண்டும். கசிவாக இருந்தால் ஆஸ்பிரின் கேடு செய்யும். நாமாக மாத்திரை கொடுக்கக் கூடாது. சோடாவோ தண்ணீரோ கொடுத்தால் புரையேறும்.

"கடையைப் போட்டுவிட்டு மருத்துவரிடம் எப்படிப் போவது?" என்று சிலர் கேட்கலாம். அரைநாள் அடைத்தால் அரைநாள் வியாபாரம் போகும். படுத்துவிட்டால் கடையே போகும். எது நஷ்டம் என்பதை வியாபாரிக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனவே சங்கத்தின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம். சங்க அலுவலகத்தில் இரத்தக் கொதிப்புக் கருவி ஒன்று வாங்கி வைத்து, மாதக் கூட்டத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் பார்த்து ஏட்டில் எழுத வேண்டும். சுமை தூக்கும் தொழிலாளருக்கும் கடைப் பையன்களுக்கும் இது பொருந்த வேண்டும். வாதத்தின் அடையாளங்களும் 108 என்ற எண்ணும் எழுதிய அட்டை ஒவ்வொரு கல்லாவின் மேலும் தொங்க வேண்டும்.

சரக்கு இருப்பைச் சரிபார்க்கத் தவறாத நாம், நம் உடம்பின் இருப்பையும் சரிபார்ப்போம். அடுத்த கூட்டத்திலேயே தொடங்குவோம்.