கொடிக்கம்பத்துக்குக் கீழே நிற்பவர்

பஞ்சாபின் அட்டாரி–வாகா எல்லையில் 1959 முதல் மாலைதோறும் கொடியிறக்கும் சடங்கு நடக்கிறது. இந்திய, பாகிஸ்தான் வீரர்கள் தலை உயரத்துக்குக் காலைத் தூக்கித் தரையில் அடிக்க, இருபுறமும் கூட்டம் ஆர்ப்பரிக்கும். தொலைக்காட்சியில் நாம் பார்ப்பது இந்த முழக்கத்தைத்தான்.

1997இல் அமர் கன்வர் எடுத்த 'எ சீசன் அவுட்சைட்' என்ற அரைமணி நேரப் படமும் இந்த எல்லையைத்தான் காட்டுகிறது. ஆனால் கேமரா கொடியோடு நின்றுவிடவில்லை. தரையிலுள்ள வெள்ளைக் கோட்டையும், அதன் இருபுறமும் நிற்கும் சுமைத் தொழிலாளர்களையும் பார்க்கிறது. இந்தத் தலையிலிருக்கும் மூட்டை அந்தத் தலைக்கு மாறுகிறது. கால் மட்டும் கோட்டைத் தாண்டக் கூடாது. பின்னணிக் குரல் பிரிவினையின் காயத்தைப் பற்றியும் வன்முறையைப் பற்றியும் தனக்குள் பேசிக்கொள்கிறது. அரசின் சடங்கு ஒரு மனிதரின் மனவலியாக மாறுகிறது.

எங்கோ எடுத்த படம் நமக்கெதற்கு என்று கேட்கலாம். கொடியைச் சுற்றி நம் ஊர்களிலும் ஒரு கோடு இருக்கிறது. அதைப் போட்டது சாதி. 2020 சுதந்திர தினத்தன்று திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கம் ஊராட்சித் தலைவர் அமிர்தம் கொடியேற்ற முடியாமல் தடுக்கப்பட்டார். அவர் தலித் பெண். செய்தி வெளியான பிறகு, ஆகஸ்ட் 20 அன்று ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். அன்றைய புகைப்படத்தில் கொடி பறக்கிறது. இடைப்பட்ட ஐந்து நாட்கள் அந்தப் பெண்ணுக்கு எப்படிக் கழிந்தன என்பது புகைப்படத்தில் இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்தும், தலித் தலைவர்கள் கொடியேற்றுவதை உறுதிசெய்யுங்கள் என்று தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்கு எழுத வேண்டியிருந்தது.

கொடி ஏறியதா என்று அரசு கேட்கிறது. ஏற்றியவர் மனம் என்ன பாடுபட்டது என்று கேட்பது கலையின் வேலை. அந்தக் கேள்வியைக் கேட்காத வரை, மரியாதை கொடித்துணிக்கு மட்டுமே கிடைக்கும்.

மாணவத் தம்பி தங்கைகளே, கேமரா இன்று உங்கள் சட்டைப்பையிலும் பையிலும் இருக்கிறது. அடுத்த கொடியேற்று விழாவில் கொடி விரிந்ததும் பதிவை நிறுத்திவிடாதீர்கள். கயிறு யார் கையில் இருந்தது, தலைவருக்கு நாற்காலி போட்டார்களா, யார் தள்ளி நின்றார்கள் என்று பாருங்கள். விழா முடிந்ததும், அவர் சம்மதித்தால், அவரைப் பேசவிட்டுப் பதிவுசெய்யுங்கள். தலித் ஊராட்சித் தலைவரைப் பணிசெய்ய விடாமல் தடுப்பது, 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வன்கொடுமைக் குற்றம். நீங்கள் எடுப்பது கலையாக நிற்கலாம். வழக்கு வந்தால் சாட்சியாகவும் நிற்கும்.