தம்பானூரில் ஓர் அறை



ஊரிலிருந்து வருவோர்க்கு வழி சொல்வது எளிது. தங்க இடம் சொல்வதுதான் அரிது. திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் நம்மவர் வீடுகளுக்கு ஆண்டில் இரண்டொரு முறையேனும் ஓர் அழைப்பு வந்துவிடுகிறது. “மாமாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டியிருக்கிறது, அடுத்த வாரம் புறப்படுகிறோம், வாடகை குறைவாக ஓர் இடம் பார்த்து வையுங்கள்” என்பதே அதன் சாரம். வருவோரை வீட்டிலேயே வைத்து உபசரிக்க நமக்கு மனம் உண்டு. ஆனால் இரண்டு அறை வாடகை வீட்டில் இடம் ஏது? ஆகவே, “தம்பானூரில் இறங்கினால் எதிரிலேயே எத்தனையோ லாட்ஜுகள் இருக்கின்றன, ஒன்றில் தங்கிக்கொள்ளுங்கள்” என்று விடை கூறி, கடமை முடிந்ததென்று இருந்துவிடுகிறோம்.

இந்த விடையை நாமும் ஒருமுறை கூறினோம். எம் அத்தையும் மாமாவும் நாகர்கோவில் பக்கத்திலிருந்து மாமாவின் சிகிச்சைக்காக வந்திருந்தனர். நாம் சொன்னபடியே நிலையத்தருகில் ஒரு விடுதியில் அறை எடுத்தனர். வாடகை மலிவுதான். ஆயினும் நாள்தோறும் காலையில் ஆட்டோவில் மருத்துவமனைக்குச் செல்வதும், நண்பகலில் திரும்புவதும், மாலையில் சோதனை முடிவு பெற மீண்டும் செல்வதுமாகப் பத்து நாள் கழிந்தது. பதினோராம் நாள், எஞ்சியிருந்த ஒரு சோதனைக்குக் கையில் பணம் போதவில்லை. நம்மிடம் கேட்கக் கூசி, சோதனையைத் தள்ளி வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பினர். பின்னர் ஒருநாள் அத்தை, “மக்களே, டாக்டருக்குக் கொடுத்ததைவிட ஆட்டோவுக்குக் கொடுத்ததுதான் கூடுதல்” என்றார்கள். அவர்கள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. எனினும் அச்சொல் இன்றளவும் எம் நெஞ்சை விட்டு அகலவில்லை.

பிழை அவர்களுடையதன்று, நம்முடையது. ‘எங்கே இறங்குகிறீர்கள்?’ என்று பார்த்தோமேயன்றி, ‘எங்கே உங்களுக்கு வேலை?’ என்று கேட்டோமில்லை. தங்குமிடம் இறங்கும் இடத்துக்கு அருகில் இருப்பதைவிட, நாள்தோறும் சென்றுவர வேண்டிய இடத்துக்கு அருகில் இருப்பதே நன்று. வாடகையோடு போக்குவரத்துச் செலவையும் கூட்டிப் பார்த்தாலன்றி, எது மலிவு என்பது விளங்காது.

கணக்கை இங்கேயே போட்டுப் பார்ப்போம். 1951இல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும், புற்றுநோய்க்கென 1981இல் அமைந்த வட்டாரப் புற்றுநோய் மையமும், இருதயம், மூளை நோய்களுக்குப் பேர்பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும், பெண்டிர்க்கும் குழந்தைகட்கும் உரிய எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் ஒரே வளாகத்தைச் சூழ்ந்துள்ளன. தம்பானூரிலிருந்து அவ்விடம் ஏறத்தாழ 6 கிலோமீட்டர். கேரள அரசு 2022இல் விதித்த ஆட்டோக் கட்டணப்படி முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாயும், அதன் மேல் கிலோமீட்டருக்கு 15 ரூபாயும் ஆகும். அவ்வாறாயின் ஒரு வழிக்கு ஏறத்தாழ 100 ரூபாய். இரு வழிக்கு 200. நாளில் இரண்டு நடையாயின் 400. பத்து நாளைக்கு 4,000 ரூபாய்! மருத்துவமனையருகில் அறை வாடகை நாளொன்றுக்கு 200 ரூபாய் கூடுதலாக இருந்தாலும், அதுவே மலிவு. நோயாளியின் உடல் அலைச்சலோ எந்தக் கணக்கிலும் அடங்காது.

ஆகவே, நெடுநாள் சிகிச்சைக்கு வருவோர் உள்ளூர், குமாரபுரம் பகுதிகளில் இடம் தேடுவதே தக்கது. அங்கே நாள் வாடகைக்கும் வார வாடகைக்கும் வீட்டு அறைகள் கிடைக்கின்றன. அடுப்பு வைத்துக் கஞ்சி காய்ச்சிக்கொள்ள இசைவு தரும் இடங்களும் உள. தருமச் சிந்தையுடையோர் நோயாளிகளுக்கென நடத்தும் தங்குமிடங்களும் உண்டு. இவற்றை மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவில் கேட்டறியலாம்.

அப்படியாயின் தம்பானூர் யாருக்கு ஏற்றது? ஓரிரு நாள் வேலைக்கு வருவோர்க்கும், விடியலில் வண்டி ஏற வேண்டியவர்க்கும், பத்மநாபசுவாமி கோயிலுக்கும் சாலைக் கடைவீதிக்கும் வருவோர்க்கும் அதனினும் சிறந்த இடம் இல்லை. கிழக்குக் கோட்டை நடந்து செல்லும் தொலைவுதான். புகைவண்டி 1931இல் சாக்கையிலிருந்து தம்பானூர்வரை நீட்டப்பட்டது. இன்று புகைவண்டி நிலையமும், அரசுப் பேருந்து நிலையமும் எதிரெதிரே நிற்கின்றன. விடுதிகள் மஞ்சாலிக்குளம் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் நெருங்கியிருக்கின்றன. பேருந்து நிலையத்தருகே லாரி பேக்கர் கட்டிய, சுற்றிச் சுற்றி மேலேறும் இந்தியக் காப்பி நிலையத்தில் சிக்கனமாகப் பசியாறலாம்.

ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். 1956 நவம்பர் முதல் நாள் வரை நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே அரசின்கீழ் இருந்தன. வழக்குக்கும் மனுவுக்கும் தென்திருவிதாங்கூர்த் தமிழர் இந்நகருக்கே வந்தனர். அந்நாளைய அரசு நடத்திய ஊட்டுப்புரைகள் பெரும்பாலும் அந்தணர்க்கே உரியவை. ஏனையோர் தெரிந்தவர் திண்ணையையே நாட வேண்டியிருந்தது. குலம் கேளாது, வாடகை ஒன்றையே கேட்டுத் திறக்கும் கதவு பெற்றோமே, அது சிறிய பேறன்று. அந்தக் கதவை அறிந்து தட்ட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

அறை எடுக்குமுன் கேட்க வேண்டியவை சில உண்டு. முதலாவது, நாள் கணக்கு எப்படி என்பது. புகுந்த நேரத்திலிருந்து 24 மணி கணக்கிடும் விடுதியும் உண்டு. எப்போது புகுந்தாலும் நண்பகல் 12 மணிக்கு ஒரு நாள் முடிந்ததாகக் கொள்ளும் விடுதியும் உண்டு. விடியல் 5 மணிக்கு வந்திறங்குவோர்க்கு இவ்வேறுபாடு ஒரு நாள் வாடகை. இரண்டாவது, சொன்ன வாடகையில் வரி அடங்குமா என்பது. 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய்க்கு மேற்படாத அறைகளுக்குச் சரக்கு சேவை வரி 5 விழுக்காடு. மூன்றாவது, மூன்றாம் ஆளுக்கும் கூடுதல் படுக்கைக்கும் தனிக் கட்டணம் உண்டா என்பது. நான்காவது, மாடிக்கு மின்தூக்கி உண்டா என்பது. தம்பானூரில் பெருமழையில் தெருவில் நீர் தேங்குவதுண்டாகையால் தரைத்தள அறையிலும் தொல்லை உண்டு. படியேற இயலாதவர்க்கு மேல்தளத்திலும் தொல்லை உண்டு. கைப்பேசியில் காட்டும் படத்தை மட்டும் நம்பி முழுப் பணமும் கட்டிவிடாமல், ஓர் இரவுக்கு எடுத்துப் பார்த்தபின் நீட்டிப்பது நலம்.

மொழியாலும் ஒரு மயக்கம் நேரும். இங்கே ‘முறி’ என்றால் அறை. ‘ஒழிவுண்டோ’ என்றால் ‘காலி உண்டா’ என்று பொருள். புதிதாய் வருவோர்க்கு இவ்விரு சொற்களையும் முன்பே சொல்லிவைப்போமாக. அடையாள அட்டையின் மூலத்தையும் படியையும் ஒருங்கே எடுத்துவரச் சொல்வோமாக.

வண்டி எந்த நிலையத்தில் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். கொச்சுவேளி நிலையத்துக்குத் திருவனந்தபுரம் வடக்கு என்றும், நேமம் நிலையத்துக்குத் திருவனந்தபுரம் தெற்கு என்றும் இப்போது பெயர். ‘திருவனந்தபுரம்’ என்ற சொல்லை மட்டும் பார்த்துச் சீட்டு எடுத்தவர், தம்பானூர் என்றெண்ணி வேறிடத்தில் இறங்க நேரும். நிலையத்திலேயே ஓய்வறைகள் உண்டு. அவை பயணச் சீட்டு உடையவர்க்கு ஓரிரு நாளைக்கு மட்டுமே.

காலமும் பார்த்துவர வேண்டும். ஆற்றுக்கால் பொங்கல் நாளில் தம்பானூர்த் தெருவெங்கும் அடுப்புகள்தாம். 2009இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு கூறுகிறது. அந்நாட்களில் அறை கிடைப்பதும் அரிது, ஆட்டோ ஓடுவதும் அரிது. ஓண வாரத்திலும், டிசம்பரில் உலகத் திரைப்பட விழா நடக்கும்போதும் இடம் நெருக்கடிதான். தவணை மாற்ற இயலும் சிகிச்சையாயின் இந்நாட்களைத் தவிர்க்கலாம்.

நம் பிள்ளைகள் இந்நாளில் படிப்புக்கும் பணிக்கும் ஐரோப்பிய நகரங்களுக்குச் செல்கின்றனர், பெற்றோரும் பின்தொடர்கின்றனர். அங்கும் நெறி இதுவே. நகர நடுவில் அறை விலை மிகுதியாயின், சுரங்க ரயில் செல்லும் தடத்தில் சற்றுத் தள்ளி இடம் பார்ப்பர். பாரிஸ் முதலிய நகரங்களில் ஆளுக்கும் இரவுக்கும் கணக்கிட்டு வாங்கும் தங்கல் வரியை முன்னரே கேட்டறிவர். பொருள் குன்றிய மாணவர்க்கென இளைஞர் விடுதி என்னும் ஏற்பாட்டைத் தொடங்கியவர் ரிச்சர்ட் ஷிர்மான் என்னும் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர். 1912இல் ஆல்டெனா கோட்டையில் அவர் நிறுவிய விடுதி, பின்னர் உலகெங்கும் பரவிய இயக்கத்துக்கு வித்தாயிற்று. ஓர் ஆசிரியர் தம் மாணவர் இரவு எங்கே படுப்பர் என்று கவலைப்பட்டதன் பயன் அது.

அக்கவலையில் ஒரு சிறு பங்கு நமக்கும் வேண்டும். சங்க உறுப்பினர் ஒவ்வொருவரும் தாம் நேரில் கண்டு, வாடகை கேட்டு, நல்லதென்று அறிந்த தங்குமிடம் ஒன்றையேனும் குறித்துத் தருவாராயின், அக்குறிப்புகளே ஒரு சிறு கையேடாகும். மருத்துவமனைக்கு எத்தனை நிமிட நடை, சமைக்க இடம் உண்டா, மாடி எத்தனை என்ற மூன்றும் அதில் இருந்தால் போதும். வந்தவரை வீட்டில் வைத்துக்கொள்ள இயலாமை குற்றமன்று. அவர் எங்கே தங்குவார், எப்படி அலைவார் என்று எண்ணாமல் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவதே குற்றம். அக்குற்றத்தை நாம் ஒருமுறை செய்தோம், நேயர்கள் செய்யாதிருப்பாராக.

எம் அத்தையும் மாமாவும் மறுமுறை வந்தபோது மருத்துவமனையிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஓர் அறை பார்த்துவைத்தோம். தள்ளிவைத்த சோதனையும் முடிந்தது. மாமா இப்போது நலமாக இருக்கிறார்.