முதலில் கேட்ட குரல்

டி.வி. பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று குறைப்படுவது நம்மவர்களிடையே வழக்கமாகிவிட்டது. பிள்ளை பார்த்ததைப் பற்றி அதனிடம் நாலு வார்த்தை பேசுகிறோமா என்பதுதான் கேள்வி.

1980களில் தூர்தர்ஷன் 'ஜயண்ட் ரோபோ' என்ற தொடரைக் காட்டியது. 1967-68இல் ஜப்பானில் ஒளிபரப்பான 26 வாரக் கதை அது. இங்கே ஆங்கிலக் குரலில் வந்தது. ஒரு சிறுவன் தன் கைக்கடிகாரத்தில் பேசினால், மலை போன்ற இயந்திர மனிதன் சொன்னபடி செய்வான். முதலில் பதிவான குரலுக்கே அவன் கட்டுப்படுவான் என்பது கதையின் முடிச்சு.

கடைசி வாரக் கதை மனத்தை உலுக்குவது. பகைவன் கில்லட்டின் பூதாகாரமாக வளர்ந்து நிற்கிறான். அவன் உடம்பே அணுகுண்டு. தாக்கினால் பூமிக்கே ஆபத்து. ரோபோ தானாகவே எழுந்து, அவனைத் தூக்கிக்கொண்டு விண்ணில் பறக்கிறது. "திரும்பி வா" என்று சிறுவன் கதறுகிறான். சொன்னபடியே நடந்து வந்த ரோபோ அன்று சொல் கேட்கவில்லை. விண்கல்லில் மோதி, பகைவனோடு தானும் அழிகிறது.

இதை இன்று கைப்பேசியில் பார்க்கும் குழந்தைக்கும் கண் கலங்கும். 'பேச்சைக் கேட்காதது தப்பில்லையா? இயந்திரத்துக்கும் பாசம் உண்டா?' என்று கேட்கத் தோன்றும். யாரிடம், எந்த மொழியில் கேட்பது?

நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் உழைக்கும் தமிழர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் படிக்கிறார்கள். படிக்கத்தான் வேண்டும். சோறு போடும் மண்ணின் மொழியை நன்றாகக் கற்பது நம் கடமை. ஆனால் வீட்டில் நடப்பது என்ன? ஷிப்டு முடிந்து களைத்து வரும் தகப்பனார், "சாப்பிட்டாயா? படித்தாயா? போய்த் தூங்கு" என்கிறார். அதோடு அன்றைய தமிழ் முடிந்தது. கடமை, தியாகம், பிரிவு என்ற சொற்களைப் பிள்ளை எங்கே கேட்கும்?

தமிழ் வகுப்புகள் எழுத்தைக் கற்பிக்கும். துக்கத்தையும் வியப்பையும் சொல்லும் தமிழ் வீட்டில்தான் வளரும். வார விடுமுறையன்று அரைமணி நேரம் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். பார்த்த கதையைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். இடையே கன்னடச் சொல் வந்தால் கேலி செய்யாமல், தமிழ்ச் சொல்லை எடுத்துக் கொடுங்கள்.

ரோபோவிடம் முதலில் பதிந்தது அந்தச் சிறுவனின் குரல். நம் பிள்ளைகளின் செவியில் முதலில் பதிந்தது தாயின் தமிழ். அந்தக் குரல் வீட்டில் ஓய்ந்துபோனால், பழியை டி.வி. பெட்டியின் மேல் போட முடியாது.