மடிக்கு ஒன்று, மந்தைக்கு ஒன்று

நண்பர் ஒருவர் நாய் வாங்கவிருக்கிறார். அடுக்ககத்தின் நான்காம் தளத்தில் வீடு; கணவன், மனைவி இருவரும் பணிக்குச் செல்வோர். பார்டர் கோலியா, கவாலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பானியலா என்று எங்களைக் கேட்டார். புத்தகம் படிப்பவர்களிடம் கேட்கும் கேள்வியா இது என்று சிலர் நகைக்கலாம். ஆனால் இவ்விரு வகை வாழ்வையும் ஆங்கில இலக்கியம் ஆழ்ந்து பார்த்திருக்கிறது என்பது எங்கள் எண்ணம்.

தாமஸ் ஹார்டியின் 1874ஆம் ஆண்டு நாவலான 'ஃபார் ஃபிரம் தி மேடிங் கிரவுட்'டில், கேப்ரியல் ஓக் என்னும் ஆட்டுக்காரனிடம் இரண்டு நாய்கள் உண்டு. இளைய நாய்க்கு ஆடுகளைத் துரத்தத் தெரியும். எங்கே நிறுத்துவதென்று தெரியாது. ஓரிரவு மந்தையைச் சுண்ணாம்புக் குழியின் விளிம்பு வரை விரட்டிவிடுகிறது. இருநூறு ஆடுகள் விழுந்து மடிகின்றன. ஓக்கின் வாழ்வே கவிழ்கிறது. நாயைச் சுட்டுவிடுகிறார்கள். அந்த நாயிடம் கெட்ட எண்ணம் எதுவுமில்லை. தனக்கு விதிக்கப்பட்ட தொழிலை அளவுக்கு மீறிச் செய்தது, அவ்வளவே.

நம் ஊர்க் கிடைகளில் நாய்க்குப் பெரும்பாலும் காவல் வேலைதான். ஆட்டைத் திருப்புவது ஆளின் குரலும் கையிலுள்ள கோலும். ஆகவே மேய்ப்பு நாய் என்றதும் நண்பர் காவல் நாயையே நினைத்துக்கொண்டிருந்தார். பார்டர் கோலி அதுவன்று. உற்றுநோக்கல், பதுங்கி நெருங்கல், துரத்தல், கொல்லல் என்னும் வேட்டை வரிசையில் முதல் மூன்றையும் கூர்தீட்டி, கடைசியை மழுங்கடித்து மனிதன் உருவாக்கிய உயிர் அது. 1893இல் நார்தம்பர்லாந்தில் பிறந்த ஓல்டு ஹெம்ப் என்னும் நாயை அவ்வினத்தின் மூதாதையாகக் கொள்வர். மந்தை இல்லாத வீட்டிலும் அந்த இயல்பு உறங்காது. சைக்கிள் ஓட்டும் குழந்தையும், படிக்கட்டில் இறங்கும் விருந்தினரும், தெருவில் போகும் ஆட்டோவும் அதற்கு ஆடுகளே.

அதன் அறிவைப் புகழ்வோர் சேசர் என்ற பார்டர் கோலியை உதாரணம் காட்டுவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொம்மைகளின் பெயர்களை அது அறிந்திருந்ததாக 2011இல் ஆய்வு வெளியாயிற்று. உண்மைதான். ஆனால் அதைப் பயிற்றிய ஜான் பில்லி ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியர். நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் அதனோடு செலவிட்டவர். மாலை ஏழு மணிக்கு வீடு திரும்பும் நம் நண்பர் அந்த அறிவுக்கு எதைத் தீனியாகப் போடுவார்? சோபாவைத்தான்.

அப்படியானால் மடிநாய் எளிதா? வர்ஜீனியா வுல்ஃப் 1933இல் எழுதிய 'ஃப்ளஷ்' நூலை வாசித்தோர் அவ்வளவு விரைவில் தலையாட்ட மாட்டார்கள். கவிஞர் எலிசபெத் பாரெட்டின் நோயறையில் அவர் காலடியிலேயே கிடந்த காக்கர் ஸ்பானியலின் வரலாறு அது. வயல்வெளியில் ஓடிய நாய், காதலின் பொருட்டு வெயிலைத் துறக்கிறது. மடியும் ஓர் உத்தியோகமே என்று எங்களுக்கு உணர்த்திய நூல். அந்த உத்தியோகத்துக்கு விடுமுறை கிடையாது. எசமானர் இல்லாத பத்து மணி நேரம் அதற்குப் பெருந்தண்டனை.

உடலின் துயரம் வேறு. கவாலியர் இனத்தில் இதய வால்வு நோய் மிகப் பரவலானது. மூளைக்குப் போதிய இடமளிக்காத மண்டையோடும் பல நாய்களை வதைக்கிறது. அந்நாய்களை இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்துக்கு முரணென்று நார்வேயின் உச்ச நீதிமன்றமே 2023இல் தீர்ப்பளித்தது. 2003இல் ஒரு கைப்பேசி விளம்பரம் நம் நாட்டில் பிரபலமாக்கிய பக் நாயின் கதை இன்னும் கொடிது. வாய்வழி இரைத்தே உடற்சூட்டைத் தணிக்கும் விலங்குக்கு மூக்கை நசுக்கிவிட்டு, சென்னையின் மே மாதத்தில் கொண்டுவந்து விடுகிறோம். அழகு என்று இதற்குப் பெயர்!

எனவே நண்பரிடம் நாங்கள் சொன்னது இதுதான்: பார்டர் கோலி வேண்டவே வேண்டாம். கவாலியர் என்றால், தாய் தந்தை நாய்களின் இதயப் பரிசோதனைச் சான்றைக் காட்டாதவரிடம் வாங்காதீர். தெருவில் பிறந்த நாட்டுக்குட்டியையும் எண்ணிப் பாரும். மூக்காவது முழுதாக இருக்கும். எதுவாயினும் இப்போது வேண்டாம். தையில் அவருடைய தாயார் ஊரிலிருந்து வந்து நிரந்தரமாகத் தங்கப்போகிறார். பகலில் வீட்டில் ஒரு மடி இருக்கும். அவருக்கு நாய் பிடிக்குமா என்று முதலில் கேட்டுவிடும் என்றோம். இதுவரை கேட்கவில்லையாம்.