மலைக்குப் போகலாமா என்று எப்போது கேட்பது?

மாசி பிறந்ததும் எங்கள் இதயநோய்ப் புறநோயாளிகள் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழும். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு கதவருகே சென்றவர்கள், சற்றுத் தயங்கித் திரும்பிக் கேட்பார்கள்: “டாக்டர், வெள்ளியங்கிரிக்குப் போகலாமா?” பயணம் எப்போது என்று வினவினால், “இந்த வெள்ளிக்கிழமைக்கு வண்டி சொல்லியாயிற்று” என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும்.

புறப்பட நான்கு நாள் இருக்கையில் கேட்டால் நாங்கள் நேர்மையாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: வேண்டாம். மூன்று மாதங்களுக்கு முன் கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கலாம். மலையைக் கண்டு அஞ்சி ஒதுங்குங்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. இதய நோயாளிகளும் நீரிழிவு நோயாளிகளும் நடக்க வேண்டும், இயன்றவர்கள் மேடும் ஏற வேண்டும் என்பதே எங்கள் கட்சி. ஆனால் அவர்களின் முதல் மலை வெள்ளியங்கிரியாக இருக்கலாகாது. காலையில் புறப்பட்டு, இரண்டு மூன்று மணி நேரம் நடந்து, வெளிச்சம் இருக்கும்போதே வீடு திரும்பும் எளிய மலைநடையைத்தான் முதலில் பழக வேண்டும். நம் ஊரில் அந்தப் படியைப் பலரும் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்.

வெள்ளியங்கிரியில் ஏழு மலைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடக்க வேண்டும். வெயிலுக்கு அஞ்சிப் பலர் இரவில் ஏறுகிறார்கள். உறக்கம் கெடுகிறது, இரவு மாத்திரை தவறுகிறது, உச்சியில் குளிர்காற்று அடிக்கிறது, இறங்கும்போது வெயில் வாட்டுகிறது. இதயநோயும் மூச்சுத்திணறலும் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை கேட்டுக்கொண்டும், உயிரிழப்புச் செய்திகள் வந்துகொண்டே இருக்கின்றன. நடுமலையில் ஒருவர் மார்பைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தால் அங்கே ஆம்புலன்ஸ் வர வழியில்லை. மனிதர்கள்தாம் தூக்கி இறக்க வேண்டும். மாரடைப்பில் நிமிடங்கள் எண்ணப்படுகின்றன. மலையில் இறங்கவே மணிக்கணக்காகும்.

“போன மாதம்தான் இசிஜி எடுத்தேன், எல்லாம் சரி என்றார்கள்” என்பார்கள். படுத்த நிலையில் எடுக்கும் இசிஜி, ஓய்வில் இருக்கும் இதயத்தைப் பற்றி மட்டுமே பேசும். இரத்தக்குழாயில் கணிசமான அடைப்பு இருந்தும் அது இயல்பாகத் தோன்றக்கூடும். மேடேறும்போது இதயம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஓரளவு காட்டுவது டிரெட்மில் சோதனை. ஸ்டென்ட் வைத்தவர்கள், அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், நீண்டகால நீரிழிவு உள்ளவர்கள், வேகமாக நடந்தால் மார்பு இறுகுகிறது என்போர் ஆகியோர், பயிற்சியைக் கூட்டும் முன்பே இச்சோதனை தமக்குத் தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

பயிற்சி என்பது பெரிய வித்தையன்று. சமதளத்தில் நாளொன்றுக்கு அரைமணி நேரம், வாரத்தில் ஐந்து நாள் நடந்தால் முதல் மாதத்துக்குப் போதும். நடந்துகொண்டே உடன் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினால் அதிகம். நாடித்துடிப்பை எண்ணிப் பார்ப்பதை விட இதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். ஏனெனில் நம் நோயாளிகளுள் பலர் மெட்டோபுரோலால், பிசோபுரோலால் போன்ற மருந்துகளை உட்கொள்கிறார்கள். அவை துடிப்பை அடக்கிவைப்பதால் எண்ணிக்கை ஏமாற்றும். இரண்டாம் மாதத்தில் மாடிப்படிகளையும் மேம்பாலத்து ஏற்றத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாம் மாதம், மலையில் சுமக்கப்போகும் அதே பையோடு, அதே காலணியோடு மருதமலைப் படிகள் போன்ற ஓர் ஏற்றத்தைக் காலை வேளையில் முயலலாம்.

இறங்குவதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஏறும்போது இதயமும் நுரையீரலும் உழைக்கின்றன; இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடலின் எடையைத் தடுத்து நிறுத்துகின்றன. பழகாத தசை அதில் விரைவில் தளரும். கால் நடுங்குவதும், முழங்கால் வலிப்பதும், சறுக்கி விழுவதும் பெரும்பாலும் இறங்கும் வழியில்தான். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் விற்கும் மூங்கில் கழியை வெறும் சடங்காக எண்ணாதீர்கள். எந்த மலையிலும் அது மூன்றாவது கால்.

நீரிழிவு உள்ளவர்களுக்குத் தனியே சொல்ல வேண்டியவை உண்டு. இன்சுலினோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்களுக்கு நடக்கும்போது மட்டுமன்றி, அன்று இரவு உறக்கத்திலும் சர்க்கரை தாழக்கூடும். அன்றைய அளவைக் குறைக்க வேண்டுமா என்பதை முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். தாமாக மாற்ற வேண்டாம். சட்டைப்பையில் சர்க்கரையோ குளுக்கோஸ் பொடியோ இருக்கட்டும். முதுகுப்பையின் அடியில் கிடப்பது உதவாது. நடுக்கமோ குழப்பமோ வந்தால் உடனே அமர்ந்து மூன்று தேக்கரண்டி உட்கொண்டு, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். இன்னொன்று, சிலர் மனம் வருந்தினாலும் சொல்லியாக வேண்டும்: பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு மலையேறக் கூடாது. வெயிலில் காய்ந்த கல் சுடுவது அவர்களுக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது கொப்புளத்தைக் காண்பார்கள். சிலருக்கு அக்கொப்புளம் விரலை இழப்பதில் போய் முடிந்ததுண்டு. கடவுளுக்கு வெறுங்கால்தான் வேண்டும் என்று நாங்கள் நம்பவில்லை.

தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்ற பொது அறிவுரையும் எல்லோருக்கும் பொருந்தாது. இதயம் வலுவிழந்து, நாளுக்கு இவ்வளவு நீர்தான் என்று அளவு குறிக்கப்பட்டவர்களும், நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களும் அன்றைய அளவைத் தனியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை தரப்பட்டவர்கள், மார்பு வலி வந்தால் அமர்ந்துகொண்டே அதை வைக்க வேண்டும். நின்றவாறு வைத்தால் இரத்த அழுத்தம் இறங்கி மயங்கி விழலாம். ஐந்து நிமிடத்தில் வலி தணியவில்லையென்றால் 108ஐ அழைக்கத் தாமதிக்கலாகாது. ஆகவே தனியே செல்வது கூடாது. எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

காட்டுப்பாதை விரும்புவோர் அனுமதி பெற்ற வழியிலேயே செல்லட்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மாண்டவர்களை நாம் மறந்துவிடக் கூடாது. தமிழக அரசு 2024இல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் பாதைகள் எளிது, மிதம், கடினம் என வகுக்கப்பட்டுள்ளன. வழிகாட்டியும் உடன் வருவார். அங்கே ‘எளிது’ என்பது உடல்நலம் உள்ளவர்க்கு எளிது என்பதை மட்டும் நினைவிற்கொள்க.

சென்ற ஆண்டு ஒருவர் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறோம்) ஸ்டென்ட் வைத்த எட்டாம் மாதத்தில், நாங்கள் வேண்டாம் என்றும் கேளாமல், நண்பர்களோடு வெள்ளியங்கிரிக்குப் போனார். இரண்டாம் மலையில் தோள்வரை ஒரு கனம் பரவியது. “இன்னும் கொஞ்சம்தான், சாமியை நினைத்துக்கொண்டு வா” என்றார்களாம். அவர் அமர்ந்துவிட்டார், பிறகு மைத்துனரின் துணையோடு மெல்ல இறங்கி வந்தார். மறுவாரம் எங்கள் முன் குற்றவாளியைப் போலத் தலைகுனிந்து நின்றார். பாதியில் திரும்பியது தெய்வக்குற்றமாகுமோ என்ற வருத்தம் வேறு. போனதற்காக நாங்கள் கடிந்துகொண்டோம், திரும்பியதற்காகக் கைகுலுக்கினோம். சோதித்ததில் இன்னொரு குழாயில் அடைப்பு தெரிந்தது. அதற்கும் சிகிச்சை முடிந்தது.

பிறகு மனைவியோடு தினமும் நடக்கத் தொடங்கினார். ஐப்பசியில் ஒரு காலை, இருவரும் மருதமலைப் படிகளில் ஆறு இடங்களில் உட்கார்ந்து, ஏறி இறங்கினார்கள். கார்த்திகையில் மருந்துச் சீட்டு வாங்க வந்தவர், இம்முறை கதவருகே செல்லும்வரை காத்திருக்கவில்லை. நாற்காலியில் அமர்ந்ததுமே, “மாசிக்கு இப்போதே கேட்டு வைக்கிறேன்” என்றார். டிரெட்மில் சோதனைக்கு நாள் குறித்துக் கொடுத்தோம்.